கன்னத்துக்குப் போகும் கை

காளை ஒன்றுக்குக் குளம்பு சீவிக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. குளம்பு, கொம்பு, நம் கைநகம், பறவையின் அலகு எல்லாம் ஒரே சரக்கு. வளரும், தேயாவிட்டால் கோணும், கோணினால் சீவலாம். பின்னே செல்லப்பக் கவுண்டர் வளர்க்கும் கருடன் ஏன் பட்டினி கிடந்து சாகவேண்டும்?

ஆட்டையாம்பட்டிப் பக்கத்து மாட்டாஸ்பத்திரி ஒன்றில் நான் கம்பவுண்டர். சேர்ந்து ஒன்பது மாதம். பணி அனுபவம் எழுதுவதற்குத் தலை நரைக்க வேண்டும் என்கிறார்கள். நரைக்கும்வரை காத்திருந்தால் பாதி மறந்துபோகும். அதனால் இப்போதே எழுதுகிறேன்.

கவுண்டருக்குப் பனமரத்துப்பட்டி. மூன்று வருஷம் முன்பு ஏரிக்கரையில் இறக்கை ஒடிந்து கிடந்த கருடனைத் தூக்கிவந்து மாட்டுக் கொட்டாயில் வைத்துக் காப்பாற்றினார். வினையே அந்தப் பாசத்தில்தான் வந்தது. தொண்டையில் குத்துமென்று மீனை முள்ளெடுத்துப் பிசைந்து கொடுத்தார். கால் நோகுமென்று பஞ்சுத் திண்டில் உட்காரவைத்தார். அலகும் நகமும் தேய வழியே இல்லை. மேல் அலகு கொக்கிபோல் வளைந்து கீழ் அலகைத் தாண்டி இறங்கிவிட்டது. வாயைத் திறந்தாலும் தீனியைப் பற்ற முடியவில்லை. பின்விரல் நகம் சுருண்டு உள்ளங்காலைத் தொட்டது. நான் தடவிப் பார்த்தபோது நெஞ்செலும்பு கையில் குத்தியது. இன்னும் பத்து நாள் தாங்கினால் அதிகம்.

எங்கள் டாக்டரிடம் கேட்டேன். “ஏய்யா, கருடனுக்கு க்ஷவரம் பண்ணவா துரைத்தனத்தார் உனக்குச் சம்பளம் கொடுக்கறாங்க?” என்றார்.

“ஞாயிற்றுக்கிழமை லீவு சார். என் லீவிலே பண்ணிக்கறேன்” என்றேன்.

கவுண்டர் அவருக்கு மேல் பிடிவாதக்காரர். “ஏனுங்க சாமி, கருடன் மேல ஆயுதம் வெக்கறதாவது? கையில செத்துப்போச்சுன்னா ஏழு தலைமுறைக்கும் ஆகாதுங்க.”

“வெக்காமச் செத்துப்போச்சுன்னா?”

“அது அதோட விதிங்க.”

“உங்க கொட்டாயில, நீங்க போட்ட திண்டு மேல, தின்ன முடியாமச் சாகுது. இதுல விதி எங்கீங்க வந்துச்சு?”

அவர் முகம் கறுத்துவிட்டது. எழுந்து போய் மாட்டுக்குச் சோளத்தட்டு அள்ளிப் போட்டார். பிறகு திரும்பிப் பார்க்காமல், “ஞாயித்துக்கிழமை வாங்க. செத்துதுன்னா அப்பறம் இந்த ஊர்ப் பக்கம் தலை காட்டப்படாது” என்றார்.

ஞாயிறு காலை வெயில் ஏறுமுன் மூன்று பேர் போனோம். ஒருவர் எங்கள் ஆஸ்பத்திரி ஆள் கருப்பண்ணன். எந்தக் காளையையும் ஒற்றைக் கயிற்றில் சாய்த்துவிடுவார். இன்னொருவர் சேலத்து மிளகாய் வியாபாரி காதர் பாய், என் வயதுதான். வல்லூறு வளர்த்துக் கவுதாரி பிடிப்பது அவருக்குப் பைத்தியம். என் பையில் தட்டாசாரியிடம் கேட்டு வாங்கிய பொடி அரம், நகவெட்டி, படிகாரத் தூள், காலில் மாட்டும் பழைய மேஜோடு ஒன்று, நுனியில் ஓட்டை போட்டது. மேஜோட்டைத் தலையில் மாட்டி அலகை மட்டும் ஓட்டை வழியே வெளியே விட்டால் கண் மறைந்துவிடும். கண் மறைந்தால் பறவை பாதி அடங்கும்.

“எங்க வல்லூறு என் முஷ்டி அளவுதான். இது முறமாட்டம் இருக்கே!” என்றார் பாய்.

வெளிச்சம் வேண்டுமென்று வாசலில் சாக்கை விரித்தோம். பாய் ஈரத் துண்டைப் போட்டு இறக்கைகளைச் சேர்த்துப் பிடித்தார். நெஞ்சை அழுத்தக்கூடாது, நெஞ்சு விரிந்தால்தான் அதற்கு மூச்சு. கருப்பண்ணன் இரண்டு காலையும் பிடித்தார். நான் மேஜோட்டை மாட்டி, அரத்தை வைத்து நான்கு இழுப்பு இழுத்தேன். மாவுபோல் உதிர்ந்தது. சுகமான வேலை!

அப்போது ஏரிப் பக்கமிருந்து ஒரு காட்டுக் கருடன் கத்திக்கொண்டே தலைக்கு மேல் வட்டமிட்டது.

“கிருஷ்ணா! கிருஷ்ணா!” என்றார் கவுண்டர்.

கருப்பண்ணன் நிமிர்ந்து பார்த்தார். கையிலிருந்த கருடனை விட்டுவிட்டு, வானத்துக் கருடனுக்கு இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.

மறுகணம் சாக்கில் கிடந்த கருடனின் நகங்கள் என் மணிக்கட்டில் இறங்கின. உருவப் பார்த்தேன், இன்னும் இறுகியது. வலியில் சட்டென்று கோழிக்கால் ஞாபகம் வந்தது. அறுத்த கோழியின் காலில் வெள்ளை நரம்பை இழுத்து விரல் மடங்குவதைப் பார்த்து எல்லோரும் விளையாடியிருப்போம். கால் மடங்கினால் விரல் பூட்டும். அப்படியானால் நீட்டினால்?

“பாய், அதோட காலை நேரா நீட்டுங்க!” என்று கத்தினேன். பாய் ஒரு கையால் நீட்டினார். பூட்டு திறந்ததுபோல் விட்டது.

“போதுங்க சாமி. அதுக்கே புடிக்கலைங்க” என்றார் கவுண்டர். மேலே இன்னும் அந்தக் கருடன் சுற்றிக்கொண்டிருந்தது.

“அதுக்குப் புடிக்காம இல்லீங்க. திறந்தவெளியில வெச்சது என் தப்பு. கொட்டாய்க்குள்ள போலாம்” என்றேன். மணிக்கட்டைத் துண்டால் இறுக்கிக் கட்டினேன். இந்த நிலையில் விட்டுப்போனால் அது செத்துவிடும். இனி எந்த ஊரிலும் எந்தக் கருடனுக்கும் யாரும் அரம் வைக்க விடமாட்டார்கள்.

கருப்பண்ணன் தலை குனிந்து நின்றார். “கன்னத்துல நானாப் போடலீங்க சாமி. கை தானாப் போவுது. இந்தாங்க, எங் கையி ரெண்டையும் அதோட காலோட சேத்துக் கட்டிப்போடுங்க.”

பாய் சிரித்துக்கொண்டே கட்டினார். “இப்ப கருடாழ்வாரே நேர்ல வந்தாலும் தலைய மட்டும் ஆட்டுங்க, கருப்பண்ணே!”

கூரைக்குக் கீழே வேலை ஓடியது. அலகைப் பழைய வளைவுக்குக் கொண்டுவந்தேன். நகங்களை நுனி நுனியாக வெட்டினேன். ஒன்றில் மட்டும் ஒரு சொட்டு ரத்தம். படிகாரம் வைத்ததும் நின்றது. கட்டவிழ்த்து, மேஜோட்டைக் கழற்றி, ஒரு முழுக் கெண்டையை முள்ளோடு முன்னால் போட்டேன். கருடன் எங்களை ஒவ்வொருவராக முறைத்தது. அசையவில்லை. கவுண்டர் மூச்சுவிடும் சத்தம் எனக்குக் கேட்டது.

பிறகு மீன்மேல் காலை வைத்து, அலகால் கொத்தி, ஒரே இழுப்பில் கிழித்தது.

கவுண்டர் திண்டை எடுத்து வெளியே எறிந்தார். சொரசொரப்பான வேலமரக் கிளை ஒன்றை வெட்டிவந்து நட்டார்.

மறுநாள் டாக்டர் என் கைக்கட்டைப் பார்த்தார். “மாடு முட்டுச்சா?”

“இல்லை சார், கருடன்.”

“இனிமே பறவைன்னு பேச்சு வந்தா மேலிடத்துக்கு எழுதிடுவேன்.”

“எழுதுங்க சார். அலகு சீவத் தெரிஞ்ச கம்பவுண்டர்னும் சேத்து எழுதுங்க.”

நான் கற்றது இதுதான்: அரம் எடுக்குமுன் பறவையின் காலைப் பார், அதற்கும் முன் காலைப் பிடிக்கிறவரின் கையைப் பார். அந்தக் கை எதைக் கண்டால் எங்கே போகும் என்று தெரியாமல் வேலை தொடங்காதே.

அடுத்தது மோகனூர். ஒரு வெல்ல ஆலைக் கொட்டாயில் எலிக்காக வளர்க்கும் கோட்டானுக்கு நகம் சுருண்டுவிட்டதாம். அபசகுனப் பறவை என்று அந்த ஊரில் யாரும் தொட மாட்டேனென்கிறார்கள். வரும் ஞாயிறு கரியில் ஓடும் பஸ்ஸில் மூவரும் போகிறோம். கருப்பண்ணனிடம் முன்கூட்டியே கேட்டேன்: “கோட்டானைப் பாத்தா உங்க பக்கம் என்னங்க செய்வாங்க?”

“தூ தூன்னு மூணு தரம் துப்புவோங்க. நீங்க கவலப்படாதீங்க சாமி, அதுக்குக் கை வேண்டீதில்லீங்களே! காலைப் புடிச்சபடியே துப்பிக்கறனுங்க.”

இந்த முறை நான் அவருக்கு எதிரே உட்காரப்போவதில்லை.