பெட்ரோல் வண்டிக்கு டீசல்

தோழிகளே, இந்த அகால வேளையில் எழுதுவதற்கு மன்னியுங்கள். மகனுக்கு இப்போதுதான் காய்ச்சல் இறங்கியது.

காலையில் அவனை டாக்டரிடம் காட்ட, கண்டனூரிலிருந்து எங்கள் பழைய பிக்கப் வேனில் காரைக்குடிக்குக் கிளம்பினோம். போன வாரம்தான் இவர் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் மாட்டியிருந்தார்.

வழியில் பெட்ரோல் பங்கில் நிறுத்தி இவர் தண்ணீர் பிடிக்கப் போன நேரம், பங்க்காரர் பழக்கதோஷத்தில் பெட்ரோல் குழாயை எடுத்தார்.

“அண்ணே, எஞ்சின் மாத்தியாச்சு. டீசல் ஊத்துங்க!”

“பத்து வருசமா இதுக்கு ஊத்துறேன், எனக்குத் தெரியாதா தாயி? டீசல ஊத்திட்டு எங்குட்டுப் போவீக, தள்ளிக்கிட்டா?”

பெட்ரோல் விழுந்தால் வண்டி பாதி வழியில் நின்றுவிடும். குழந்தையோடு இறங்கி, டாங்க் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டேன். இவர் ஓடிவந்து பானெட்டைத் திறந்து காட்டும்வரை கையை எடுக்கவில்லை.

டாக்டர் புறப்படும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம்.

டாங்க் மூடியில் குழந்தையின் கண்மையால் ‘டீசல்’ என்று எழுதிவிட்டேன். மழையில் அழியாமலிருக்க எதனால் எழுதலாம்? சீக்கிரம் பதில் போடுங்கள்.