முன்சீட்டும் டூப்பு களிம்பும்

ஆவடியிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஓடும் ஷேர் ஆட்டோக்களில் முன்சீட்டுக்கு அடிதடியே நடக்கும். டிரைவர் பக்கத்தில் அரை உடம்பை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு போவதில் என்ன சுகமோ! ஆனால் ஒரு வண்டியில் மட்டும் அந்த இடம் காலியாகவே இருக்கும். பின்னால் ஒருவர் மடியில் ஒருவர் உட்காருவார்களே தவிர முன்னால் வரமாட்டார்கள். அந்த டிரைவருக்கு இரண்டு கைகளிலும் சொரியாசிஸ். ஹேண்டிலைப் பிடிக்கும் கை, செதில் செதிலாக எல்லோர் கண்ணிலும் படும்.

எனக்கும் அதே வியாதிதான். என்னுடையது முழங்கையில். முழுக்கைச் சட்டைக்குள் கௌரவமாக ஒளிந்திருந்ததால் ஆபீசில் ஒருவருக்கும் தெரியாது.

நாங்கள் முதலில் பேசிக்கொண்டது ஒரு ஆஸ்பத்திரியின் தோல் பிரிவில். புதுக் களிம்பு ஒன்றைச் சோதித்துப் பார்க்க ஆள் எடுத்தார்கள். பாதிப் பேருக்கு நிஜ மருந்து, பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் களிம்பு, யாருக்கு எது என்பது தனக்கே தெரியாது என்று டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு ட்யூபோடு வெளியே வந்தோம். டிரைவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா அண்ணாத்தே, டாக்டருக்கே தெரியாதாமே! எனக்கு டூப்பு வந்துட்சுன்னா? எம்பக்கத்துல ஒரு ஆளு குந்தி எவ்ளோ நாளாவுது தெரியுமா?"

கடைசியில் அவர் சொன்னது எனக்கு வலித்தது. அதற்குள் அவரே வழியும் கண்டுபிடித்துவிட்டார்.

"உன்னுதையும் என்னுதையும் ஒண்ணா கலக்கிடுவோம். எவனுக்கு நெசம் வந்தாலும் ரெண்டு பேருக்கும் பாதி. இன்னா சொல்ற?"

ஆய்வே கெட்டுவிடும் என்று படித்தவனான நான் சொல்லியிருக்க வேண்டும். "டிபன் பாக்ஸ் மூடியில் கலக்கலாமா?" என்று கேட்டேன்.

அன்றிலிருந்து காலையில் முன்சீட் எனக்குத்தான். சிக்னலில் வண்டி நின்றதும் இரண்டு ட்யூபையும் மூடியில் பிதுக்கி ஸ்பூனால் குழைப்பேன். அவர் கையில் தடவிக்கொள்வார். நான் சட்டைக் கையை ஏற்றி முழங்கையில் தடவுவேன். ஒருநாள் பின்னாலிருந்து ஓர் அம்மா எட்டிப் பார்த்தார்.

"அது இன்னா சட்னி தம்பி?"

"மருந்தும்மா."

"அவரு கையில கீதே, அது ஒட்டிக்குமா?"

"ஒட்டுறதா இருந்தா நான் இங்க உக்காருவேனா?" என்று எரிந்து விழுந்துவிட்டு, சட்டைக் கையைச் சட்டென்று இறக்கிவிட்டேன்.

அடுத்த பரிசோதனையில் டிரைவருக்கு வாய் நிற்கவில்லை. "ரெண்டு பேரும் கலந்துகினோம் மேடம்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டார். டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். "இது ஆய்வா, கூட்டாஞ்சோறா?" என்று கத்திவிட்டு, எங்களை ஆய்விலிருந்து நீக்கினார். ஆனாலும் வழக்கமான மருந்தை எழுதிக்கொடுத்தார், நல்ல மனுஷி.

ஆய்வு முடிந்த பிறகு கூப்பிட்டுச் சொன்னார்: எங்கள் இருவருக்குமே வந்தது டூப்புதான். வெறும் களிம்பை வெறும் களிம்போடு, கட்டியில்லாமல், அவ்வளவு அக்கறையாகக் குழைத்திருக்கிறேன்! எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. டிரைவரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அவர் கை இப்போது கொஞ்சம் தேவலை. ஆனாலும் பார்த்தால் தெரியும்.

போன வாரம் ஸ்டாப்பில் அவர் வண்டி வந்து நின்றது. முன்சீட்டில் அந்தச் சட்னி அம்மா, மடியில் கூடையோடு, அவர் கையை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, அது என் இடம்" என்றேன்.

"உன் பேரு எழுதிக்கீதா?" என்றார் அவர்.

டிரைவர் என்னைப் பார்த்தார். முகமெல்லாம் பல். "பின்னால போ அண்ணாத்தே, முன்னாடி ஃபுல்லு!"

பின்னால் போய் யாரோ ஒருவர் மடியில் பாதி உட்கார்ந்தேன். அவ்வளவு சந்தோஷமாக அந்த வண்டியில் நான் நசுங்கியதே இல்லை.