மீன் கழுவிய தண்ணீர்

போன வருடம் தவக்காலத்தில், பினாங்கு ஆயர் ஈத்தாமில் எங்கள் வரிசை வீட்டின் பின்பக்கம் நடந்தது இது. நாங்கள் இந்துக்கள். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் விரதமான தவக்காலத்துக்கும் எங்களுக்கும் நேரடிச் சம்பந்தம் எதுவும் இல்லை. ஆனால் பக்கத்து வீட்டு அக்கா கத்தோலிக்கர். அந்த நாட்களில் வெள்ளிக்கிழமை என்றால் அவர் வீட்டில் இறைச்சி கிடையாது, மீன்தான். சமைத்ததில் ஒரு தட்டு எனக்கும் வரும்.

முதலில் செடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஒரே மகள் கல்யாணமாகி ஆஸ்திரேலியாவில் டார்வின் நகரத்துக்குப் போன பிறகு, என் மனைவிக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. எங்கேயோ விசாரித்து ஒரு குழுவைக் கண்டுபிடித்தாள். ஆஸ்திரேலியச் செடிகளைப் பினாங்கில் வளர்ப்பவர்கள். அப்படியும் ஒரு கூட்டம் இருக்கிறதா என்று நீங்கள் கேட்கலாம், நானும் கேட்டேன். இருக்கிறது. சீனர், மலாய்க்காரர், நம்மவர் என்று கலந்த கூட்டம். தலைவர் ஓய்வுபெற்ற சீனப் பல் டாக்டர். பாலிக் புலாவில் அவருக்கு ஒரு டுரியான் பழத்தோட்டம் உண்டு, அதன் ஓரத்தில்தான் இந்தச் செடிகளை வளர்க்கிறார். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கூடுவார்கள். அந்தக் குழுவில் ஒரு விசித்திரமான வழக்கம். யார் என்ன வளர்த்தார்கள் என்று ஆரம்பிக்க மாட்டார்கள். அந்த மாதம் யார் எந்தச் செடியைச் சாகடித்தார்கள், எப்படிச் சாகடித்தார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். எல்லாரும் சிரித்து முடித்த பிறகுதான் காப்பியும் குவே பலகாரமும். நான் மனைவியை இறக்கிவிட்டுக் காரிலேயே பேப்பர் படித்துக்கொண்டு இருப்பேன். செத்த செடிக்குச் சிரிக்கிற ஆட்களோடு எனக்கென்ன பேச்சு என்று நினைப்பு.

மகள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே பேங்க்சியா என்று ஒரு மரம். வருடா வருடம் மெழுகுவர்த்தி நட்டுவைத்த மாதிரி மஞ்சளாகப் பூக்கும். அவள் படம் அனுப்புவாள். அதே மரத்தை இங்கே வளர்த்து, ஒரு தடவையாவது பதில் படம் அனுப்ப வேண்டும் என்பதுதான் என் மனைவியின் ஆசை. பெரிய ஆசையாகத் தெரியாது. ஆனால் பிள்ளை தூரத்தில் இருக்கிற அம்மாக்களுக்குப் புரியும். பல் டாக்டர் முளைக்கவைத்துக் கொடுத்த கன்றை ஒரு நீல டிரம்மில் வெறும் ஆற்றுமணலும் கல்லும் போட்டு நட்டாள். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் இருக்கிற குட்டைச் சுவரை ஒட்டித்தான் நல்ல வெயில். டிரம் அங்கே நின்றது. குழுவில் மற்றவர்கள் நட்டதெல்லாம் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தபோதும் இவளுடையது மட்டும் நான்கு வருடம் வளர்ந்து, என் தலைக்கு மேலே போய்விட்டது.

மகள் கர்ப்பமாக இருந்தாள். அதற்கு முன்னால் ஒன்று நிற்காமல் போயிருந்தது, அதனால் இந்த முறை எழுந்து நடமாடவே கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். உடனே இரண்டு பேருக்கும் டிக்கெட் பார்க்க ஆரம்பித்தேன். மகள் போனில், "அம்மா மட்டும் வரட்டும்பா, நீங்க அப்புறமா வாங்க" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. பெற்ற அப்பன் நான் என்ன வேண்டாதவனா என்று மனைவியிடம் எரிந்து விழுந்தேன். அவள் பெட்டி கட்டினாள்.

கிளம்புகிற அன்று காலையில் அவள் என்னைப் பின்பக்கம் கூப்பிட்டாள். பேங்க்சியாவின் ஒரு கிளை நுனியில் கட்டைவிரல் அளவுக்கு, பூனைக்குட்டி மாதிரி ரோமத்தோடு ஒரு மொட்டு.

"வந்திருச்சுங்க," என்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். உரம் கிரம் எதுவும் போட்டுறாதீங்க. இது பட்டினி கிடந்தே வளர்ற செடி. ரொம்பக் காய்ஞ்சா மட்டும் கொஞ்சம் தண்ணி. பூத்ததும் எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்புங்க, போதும்."

ஒன்றும் செய்யாமல் இருப்பது எனக்குக் கஷ்டமே இல்லை. காலையில் பினாங்குப் பாலத்தைத் தாண்டி செபராங் ஜெயாவுக்கு வேலைக்குப் போனால் சாயங்காலம்தான் திரும்புவேன். வந்ததும் செடியைப் பார்ப்பேன், பிறகு மகளுக்குப் போன் போடுவேன். பேரீச்சம்பழம் சாப்பிடு, பப்பாளியைத் தொடாதே, இடது பக்கம் படு, அந்த டாக்டர் சரியில்லை வேறு டாக்டரைப் பார் என்று நாள் தவறாமல் சொல்வேன். அவள் "சரிப்பா, சரிப்பா" என்பாள். போன் அம்மா கைக்குப் போய்விடும்.

சில வாரம் கழித்து பேங்க்சியாவின் இலைகள் மஞ்சளாக ஆரம்பித்தன. பிறகு ஓரமெல்லாம் நெருப்பு பட்டதுபோலக் கருகியது. இதற்கிடையில் பேட்டைப் பூனைகள் எல்லாம் அந்த டிரம்மைச் சுற்றியே படுத்துக் கிடந்தன. வீட்டில் ஆள் இல்லாமல் போரடிக்கிற எனக்குத் துணையாக வருகின்றன என்று நினைத்துக்கொண்டேன். என் மூளை அவ்வளவுதான்.

மனைவி வீடியோ காலில் "செடியைக் காட்டுங்க" என்று கேட்கும்போதெல்லாம் அவள் பக்கத்தில் நட்டிருந்த இன்னொரு ஆஸ்திரேலியச் செடியை, சிவப்பாகப் பூத்துக் குலுங்கும் பாட்டில் பிரஷ் மரத்தையும் அதில் தொங்குகிற தேன்சிட்டையும் காட்டி, லைன் சரியில்லை என்று கட் பண்ணிவிடுவேன். குழுவின் வாட்சாப்பில் கேட்கலாம் என்றால் அங்கே அவளும் இருக்கிறாள். கடைசியில் வெட்கத்தை விட்டுப் பல் டாக்டரையே கூப்பிட்டேன். அவருக்குத் தமிழில் "சாப்பிட்டாச்சா" மட்டும்தான் தெரியும், மலாயில்தான் பேசினோம். என்ன போட்டாய் என்று கேட்டார். ஒன்றுமே போடவில்லை என்று சத்தியம் செய்தேன். இலையைப் படம் எடுத்து அனுப்பினேன். அதைப் பார்த்துவிட்டு, இந்தச் செடிக்கு யாரோ சாப்பாடு போடுகிறார்கள் என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை நான் லீவு போட்டேன். டாக்டர் காரில் மணல் மூட்டையோடு வந்து சேர்ந்தார். டிரம்மில் மேல் கல்லை ஒரு பிடி அள்ளினார். கல்லோடு கல்லாக என்னவோ மினுமினுத்தது. கையில் எடுத்துப் பார்த்தால் மீன் செதில். இன்னொரு பிடி அள்ளினால் இன்னும் செதில். அவர் என்னைப் பார்த்தார், நான் பூனைகளைப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்துச் சுவருக்கு மேலே ஒரு பேசின் வந்தது.

"என்ன தம்பி, லீவா இன்னிக்கி? கொஞ்சம் தள்ளிக்க, செடிக்கு ஊத்திட்டுப் போயிர்றேன்," என்றார் பக்கத்து வீட்டு அக்கா. பேசின் நிறைய மீன் கழுவிய தண்ணீர், சிவந்துபோய் இருந்தது.

"அக்கா, இருங்க," என்றேன்.

"நல்ல ஈக்கான் மேரா தம்பி, செவப்பு மீனு, காலைலதான் பாசார்ல வாங்குனேன். இந்தத் தண்ணிக்கு என் கருவேப்பில எப்படி வளருது பாத்தியா? இது பாவம்லா, வெறும் கல்லுல நிக்குது. உன் வீட்டுக்காரி ஊர்ல இருந்தப்பவும் ஒண்ணும் போட்டு நான் பாத்ததில்ல. அவ என்ன செய்வா, வேலைக்குப் போற பொண்ணு. அவ வர்ற வரைக்கும் நாமதான பாத்துக்கணும்? தெனம் அரிசி கழுவுன தண்ணி, வெள்ளிக்கிழம இது. எல மஞ்சளாச்சு பாரு, பசிதான்னு இப்ப ரெட்டிப்பா ஊத்துறேன்."

குழம்பு எனக்கு, தண்ணீர் செடிக்கு. வாராவாரம் நான் ருசித்துச் சாப்பிட்டதும், வாராவாரம் அந்தச் செடி செத்துக்கொண்டிருந்ததும் ஒரே மீனால்தான். அக்காவிடம் எப்படிச் சொல்வது? நான் டாக்டர் முகத்தைப் பார்த்தேன். அவர்தான் மலாயில் மெதுவாக எடுத்துச் சொன்னார். இந்தச் செடி பிறந்த மண்ணில் பாஸ்பரஸ் என்கிற சத்து அறவே குறைவு. அதனால் கிடைத்ததையெல்லாம் இழுத்துக்கொள்ள இதன் வேர் பழகியிருக்கிறது. போதும் என்று நிறுத்தத் தெரியாது. மீன் தண்ணீரில் அந்தச் சத்து நிறைய இருக்கிறது. கறிவேப்பிலைக்கு விருந்து, இதற்கு விஷம்.

அக்கா பேசினை மெல்ல சுவர் மேல் வைத்தார். "அப்ப நான்தான் கொன்னுட்டேனா?" என்று என்னிடம் கேட்டார். அவர் குரல் அப்படிக் கம்மி நான் கேட்டதே இல்லை.

அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்ட டாக்டர், இன்னும் சாகவில்லை என்றார். தன்னுடைய முதல் பேங்க்சியாவுக்கு, சூப் வைத்த எலும்பையெல்லாம் இடித்துத் தூளாக்கிப் போட்டுப் பதினைந்தே நாளில் அனுப்பிவைத்த கதையைச் சொன்னார். எங்கள் குழுவில் கொலை செய்யாத ஆளே கிடையாது, இன்று முதல் நீங்களும் உறுப்பினர் என்றார். நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. சுற்றிக்கொண்டு எங்கள் வாசல் வழியாக வந்து, சேலையை இடுப்பில் செருகி, டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

மேல்மண்ணை வழித்தெடுத்தோம். டிரம்மைச் செங்கல்லில் சாய்த்து, ஓஸ் குழாயை வைத்து மதியம் வரை தண்ணீரை உள்ளே விட்டு வெளியே வடித்தோம். புது மணல் போட்டோம். அக்கா மட்டும் வேருக்கு நடுவே சிக்கியிருந்த செதிலை விரல் நுனியால் பொறுக்கிக்கொண்டே இருந்தார். போதும் அக்கா என்றாலும் கேட்கவில்லை.

"அந்தப் புள்ள ஆசையா வளத்துச்சு தம்பி. நான் என்ன மூஞ்சிய வச்சிக்கிட்டு அவகிட்ட பேசுவேன்?"

"அவகிட்ட நான் பேசிக்கிறேன், நீங்க விடுங்க," என்றேன். எதைப் பேசப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

அன்று சாயங்காலம் வழக்கம்போல மகளுக்குப் போன் போட்டேன். பேரீச்சம்பழம் என்று வாய் திறந்தவன், என்னவோ நிறுத்திவிட்டேன். மஞ்சள் இலைக்கு இன்னும் ஒரு பேசின் என்று அக்கா சொன்னது காதில் ஓடிக்கொண்டிருந்தது. மகள் "சரிப்பா" என்று சுருக்கமாகப் பதில் சொல்லச் சொல்ல மேலும் மேலும் புத்தி சொல்லி நான் செய்ததும் அதேதானே? அவளுக்கு என்ன வேண்டும் என்று இத்தனை நாளில் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. "என்னம்மா, உனக்கு ஏதாச்சும் வேணுமா?" என்று மட்டும் கேட்டேன்.

"ஒண்ணும் வேணாம்பா. பயமா இருக்கு. கொஞ்ச நேரம் சும்மா ஏதாச்சும் பேசிக்கிட்டு இருங்க" என்றாள். நான் பூனைகளைப் பற்றிப் பேசினேன், பாலத்து ஜாமைப் பற்றிப் பேசினேன். அவள் சிரித்தாள். அன்று போன் அம்மா கைக்குப் போகவே இல்லை. வைத்த பிறகு நான் தனியாக உட்கார்ந்து அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

மொட்டு கறுத்து விழுந்துவிட்டது. அடுத்தடுத்து இலையெல்லாம் கொட்டி, தண்டு காய்ந்த குச்சியாக நின்றது. அக்கா தேவாலயத்தில் செடிக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்ததாகச் சொன்னார். பிள்ளைக்கும் சேர்த்துத்தான் ஏற்றினேன் என்றார். டாக்டர் மட்டும், பிடுங்கிவிடாதே, இது காட்டுத்தீயில் கருகினாலும் அடியிலிருந்து கிளம்பி வருகிற ஜாதி, பொறுத்துப்பார் என்றார்.

பேத்தி பிறந்தாள். சுகப்பிரசவம். நான் அக்காவிடம் சொல்லத்தான் முதலில் சுவருக்கு ஓடினேன். அவர் கையைக் குவித்துக் கும்பிட்டார். அதன் பிறகு ஒரு காலையில், காய்ந்த குச்சியின் அடியில் மணலைத் தள்ளிக்கொண்டு, பழுப்பு ரோமத்தோடு ஒரு துளிர் வந்திருந்தது. அதையும் முதலில் பார்த்தது அவர்தான்.

மனைவி திரும்பி வந்ததும் பெட்டியைக்கூடத் திறக்காமல் நேராகப் பின்பக்கம் போனாள். பேசிப் பேசிப் பார்த்து வைத்திருந்த வசனத்தை நான் ஆரம்பித்தேன். "தப்பு என்னோடதுதான். மீன் கழுவுன தண்ணிய நான்தான் தெரியாம ஊத்திட்டேன்."

அவள் குச்சியைத் தொட்டுப் பார்த்தாள், துளிரைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்களா? கல்யாணம் ஆனதுலேர்ந்து நீங்க ஒரு மீனு கழுவி நான் பாத்ததில்லையே."

சுவருக்கு அந்தப் பக்கம் கதவு லேசாக ஆடியது. அக்கா அங்கே நிற்கிறார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது. என் மனைவி மொட்டு இருந்த கிளையைக் கையில் பிடித்தபடியே நின்றாள். அவளுக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். பிறகு சுவர் பக்கம் போய்க் குரல் கொடுத்தாள்.

"அக்கா, ஞாயித்துக்கெழம பாலிக் புலாவுக்கு வர்றீங்களா? செத்த செடியப் பத்தி எல்லாரும் சொல்லணும். இந்த மாசம் எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல, உங்ககிட்டதான் இருக்கு."

அக்கா வந்தார். பேசினைத் தூக்கிய தூக்கு முதல் செதில் பொறுக்கியது வரை நடித்தே காட்டினார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது, கடைசியில் அவரும் சிரித்தார். அன்று நானும் காரில் உட்கார்ந்திருக்கவில்லை.

பேங்க்சியா இப்போது சுவர் உயரத்துக்கு வந்துவிட்டது. இன்னும் பூக்கவில்லை, எப்போது பூக்கும் என்று யாருக்கும் தெரியாது. மகளுக்குப் பூ படத்துக்குப் பதிலாகத் துளிர் படம் போனது. பேத்தியைத் தூக்கிக்கொண்டு வருட முடிவில் வருகிறோம் என்று போன வாரம் சொன்னாள். எத்தனை நாள் இருப்பீர்கள், ஏன் அவ்வளவு குறைச்சல் என்றெல்லாம் கேட்க நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டேன். பக்கத்து வீட்டு அக்கா இப்போதெல்லாம் பேசினைத் தூக்கிக்கொண்டு வந்தால், சுவருக்கு மேலே தலையை நீட்டி, "தம்பி, இதுக்கு ஊத்தலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் எதற்கும் ஊற்றுகிறார், பிரியம் கையில் நிரம்பி வழிகிறபோதெல்லாம் நானும் இப்போது அந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்கிறேன்.