மாவின் மூட்டில்

ஊரில் பேச்சிக்கு வீடு இருக்கிறது. ஆனாலும் போக மாட்டாள். "அவரு கெடக்க சீமைய விட்டுட்டு நா எங்க போவ?" என்பாள். இங்கே மலையாளச் சீமையில், சாலைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் நானும் அவளும் மிளகாய் வத்தல் காம்பு கிள்ளுகிறோம். வேலை முடிந்தால் அவளுக்கு ஓர் அறை, ஒரு பாய். பேச ஓர் ஆள் கிடையாது.

அவள் புருஷன் நெல்லையப்பன் கட்டட வேலைக்கு வந்தவன். பொன்முடி போகிற வழியில் ஒரு கிராமத்தில் சாரம் சரிந்து செத்தான். அங்கேயே சுடுகாட்டில் புதைத்தார்கள். எங்கள் சனத்தில் பொம்பளை சுடுகாட்டுக்குள் போகக் கூடாது. ஊரிலிருந்து அடித்துப்பிடித்து வந்தவளை ரோட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். குழி வெட்டிய வேலாயுதனிடம், எங்கே வைத்தீர்கள் என்று கேட்டிருக்கிறாள். "மாவின்றெ மூட்டில்" என்றாராம் அவர்.

மாவு போட்டு மூடினார்கள் என்று இவள் எடுத்துக்கொண்டாள். நாம் வாய்க்கரிசி போடுகிற மாதிரி இங்கே மாவு போடுவார்கள் போல என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா, பாவி மவ!

போன மழைக்காலத்தில் அந்தச் சுடுகாட்டில் மரம் நட ஊரையே கூப்பிட்டார்கள், பெண்கள் உட்பட. கடைக்குச் சரக்கெடுக்க வந்தவர் சொன்னார். "யக்கா, இத விட்டா எனக்கு உள்ள போவ வழி கெடையாது" என்று பேச்சி என் கையைப் பிடித்தாள். போனோம்.

வேலாயுதன்தான் கன்று கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் கையில் ஒன்றை வைத்து, "நல்ல மாவாணு, கேட்டோ" என்றார்.

"மாவா? இது மாங்கன்னுல்லா?"

"மலையாளத்துல மாமரத்துக்குப் பேரே மாவுதாண்டி. மூடுன்னா அடி" என்றேன் நான்.

அவள் வேலாயுதன் பக்கம் திரும்பினாள். "அண்ணே, எந்த மாவு? எம்புருசன் எந்த மாவு மூட்டுல கெடக்காரு?"

அவர் தலையைச் சொறிந்தார். "மாவு மூணெண்ணம் உண்டாயிருந்நு. சவம் எரிக்க மூணும் வெட்டியாச்சு. ஏதாணெந்நு எனிக்கு ஓர்மயில்ல, பெங்ஙளே."

மூன்றில் எது என்று நினைவில்லையாம். புதருக்குள் மூன்று அடிக்கட்டைகள் கிடந்தன. நான் போய் இன்னும் இரண்டு கன்று கேட்டேன். ஆளுக்கு ஒன்றுதான் என்றான் ஒரு மகாராசன். "போடா, சுடுகாட்டுல வந்து சட்டம் பேசுதான்!" என்று பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

மூன்று கட்டைப் பக்கத்திலும் நட்டாள். ஒவ்வொன்றிலும் மண்ணைத் தடவித் தடவி அழுதாள். கூட்டம் கலைந்துவிட்டது. மழையும் பிடித்துக்கொண்டது.

"கடைசி பஸ்ஸு போயிரும். வா, சொல்லிட்டுக் கெளம்புவோம்" என்றேன்.

மூன்றையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எந்தக் கன்னுகிட்டக்கா சொல்லட்டும்?"