மைக் வயர் தோல் உரிந்த வருஷம்

அப்பாவின் சட்டைகளில் இடது கை மட்டும் எப்போதும் கறுப்பாக இருக்கும். எந்தச் சோப்பைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. மண்ணெண்ணெய் வைத்துத் துடைத்தால் கறை போகும், நாற்றம் போகாது. அரியலூருக்குப் பக்கத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் அப்பா ஓட்டிய ஜீப்பின் வயர்லெஸ் செட்தான் அதற்குக் காரணம். மைக்கையும் செட்டையும் இணைக்கிற சுருள் வயர், எங்கள் ஊர் வெயிலில் வெந்து, மேல்தோல் இளகி, வெல்லப்பாகு மாதிரி பிசுபிசுத்துக் கிடந்தது. அடுத்த கோடையில் அந்தப் பிசுக்கும் காய்ந்து வெடித்து, தோல் உரிந்து, உள்ளே இருந்த மெல்லிய கம்பிகள் எட்டிப் பார்த்தன. அப்பா கறுப்பு டேப் சுற்றுவார். சூட்டில் டேப்பும் வழுக்கி இறங்கும். புது வயர் கேட்டு ஸ்டோருக்கு எழுதிக் கொடுத்து எழுதிக் கொடுத்தே ஓய்ந்துபோனார்.

வெளியில் அப்பா, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். வீட்டுக்குள் வந்துவிட்டால் ஆளே வேறு. சாப்பிட்டுக் கைகழுவியதும் சுரங்கத்து ஆட்களை ஒவ்வொருவராகக் கொண்டுவந்து நிறுத்துவார். ஸ்டோர்காரர் மூக்கால் பேசுவார். மேனேஜர் பேன்ட்டை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, வாக்கியத்துக்கு வாக்கியம் "புரியுதா இல்லையா?" என்பார். அப்பா லுங்கியை அதேபோல் இழுத்துக்கொண்டு பேசுகையில் அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறும். எங்கள் வீட்டில் டிவி சும்மா கிடந்தது இதனால்தான். எல்லாக் குரல்களையும் நானும் கற்றுவைத்திருந்தேன்.

நான் நாலாம் வகுப்புப் படித்த அந்த வருஷம், ஒப்பந்த டிரைவர்களில் சிலரை நிரந்தரமாக்கப் போவதாகப் பேச்சு. அப்பா பெயரும் அடிபட்டது. லிஸ்ட் மேனேஜர் கையில். ஒன்பது வருஷமாகக் காத்திருந்த அம்மா சிறுவாச்சூர் காளிக்கு வேண்டிக்கொண்டாள். அப்பாவிடமும் ஒரு வேண்டுதல் வைத்தாள்: "லிஸ்ட் வர்ற வரைக்கும் வாயக் கட்டிக்கிட்டு இருங்க." வெளியில் வாயே திறக்காத மனிதரிடம்! எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

ஆயுத பூஜையன்று மட்டும் குடும்பங்களைச் சுரங்கத்துக்குள் விடுவார்கள். கழுவித் துடைத்த டம்பர் லாரிகள் கதவுகளைத் திறந்துபோட்டுக்கொண்டு வரிசையாக நின்றன. பந்தலில் மேனேஜர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அப்பாவின் ஜீப் கொஞ்சம் தள்ளி வேப்பமரத்தடியில் நின்றது. சாமி கும்பிடுகிற நாளில் அசிங்கமாக இருக்கக்கூடாதென்று அப்பா வயரில் இருந்த பழைய டேப்பை எல்லாம் உரித்துவிட்டார். ஸ்டியரிங்கிலும் மைக்கிலும் சந்தனம் குங்குமம் வைத்தார். புது டேப்பும் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழமும் வாங்கிவரக் கிளம்பியவர், என்னைச் சீட்டில் உட்காரவைத்து, "பாப்பா, பொத்தான மட்டும் அமுக்கிடாத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் அமுக்கவில்லை. இன்றைக்கும் சத்தியம் செய்வேன். மைக்கை எடுத்து, சுருள் வயரை இழுத்துப் பார்த்தேன், அவ்வளவுதான். உரிந்த கம்பி இரண்டு ஒன்றோடொன்று தொட்டிருக்கிறது. மைக் பொத்தானை அழுத்தினால்தான் நாம் பேசுவது வெளியே போகும்; அது தானாக நடந்துவிட்டது. அதுவரை கரகரத்துக்கொண்டிருந்த செட் சட்டென்று அடங்கியது. தொந்தரவு விட்டதென்று நான் கச்சேரியைத் தொடங்கினேன்.

முதலில் ஸ்டோர்காரர். "மைக் வயரா? பழசே பேசுதுல்ல? அப்புறம் என்னாத்துக்குப் புதுசு?" பிறகு மேனேஜர். "நான் கேக்குறது ஒண்ணு, நீ சொல்றது ஒண்ணு, புரியுதா இல்லையா?" அதோடு நின்றிருக்கலாம். வீட்டில் அப்பா எப்போதும் முத்தாய்ப்பாகச் சொல்வதையும் அப்பாவின் குரலிலேயே சொன்னேன்: "இந்தாளுக்குச் சுண்ணாம்புக்கல்லுக்கும் கடலை மிட்டாய்க்கும் வித்தியாசம் தெரியாது. நம்ம தலையெழுத்து, சார் சார்னு நிக்கிறோம்."

ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்வரை அந்தச் செட்டில் வேறு யாரும் குறுக்கே புக முடியாது. கேட்கத்தான் முடியும். அதேபோல் செட் மாட்டிய அத்தனை டம்பர்களின் கேபினிலிருந்தும் நான் பேசிக்கொண்டிருந்தேன். என்னை நிறுத்த வேண்டுமென்றால் யாராவது ஓடித்தான் வரவேண்டும். அப்பா ஓடி வந்தார். வேட்டியை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கைப் பழங்கள் ஒவ்வொன்றாக உருண்டு விழ, வெள்ளைப் புழுதியில் அப்பா ஓடிவந்ததைப் பார்த்து எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. விளையாட வருகிறார் என்று குரலை இன்னும் உயர்த்தினேன். அப்பா வயரை செட்டிலிருந்தே பிடுங்கினார்.

பந்தலுக்குப் போனோம். டிரைவர்கள் சிலர் சிரிப்பை அடக்க முடியாமல் டயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் பொரியை மென்றுகொண்டே எழுந்து போய்க் காரில் ஏறினார். அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கினாள். அப்பா தடுத்துவிட்டார். "அது என்ன பண்ணும், நான் பேசுனதத்தானே பேசுச்சு" என்றார்.

சாயங்காலம் முந்திரிப்பருப்புப் பை ஒன்றை மாட்டிக்கொண்டு, மொபெட்டில் என்னையும் ஏற்றிக்கொண்டு மேனேஜர் குவார்ட்டர்ஸுக்குப் போனார். மேனேஜர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அப்பா கேட்டுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றினார். மண்தரையில் எதற்குக் கழற்றுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. பிறகு அவர் பேசிய குரலை நான் அதுவரை கேட்டதே இல்லை. மேனேஜர் குழாயை மூடாமலே "சரி, போப்பா" என்றார். பையை வாங்கவில்லை. நாங்கள் திரும்பிவிட்டோம்.

பொங்கலுக்கு முன் வந்த லிஸ்டில் அப்பா பெயர் இருந்தது. மேனேஜர் நல்ல மனிதர் என்றுதான் இப்போது நினைக்கிறேன். ஆனால் அன்றைக்கு அது எங்களில் யாருக்கும் தெரியாது.

மேனேஜரைப் பார்த்துவிட்டு வந்த அன்றிரவு, அப்பா சீக்கிரமே சாப்பிட்டு எழுந்தார். கைகழுவி வந்தும் அப்பா எதையும் தொடங்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. வீடு இப்படி உம்மென்று இருந்து நான் பார்த்ததில்லை. இவர்களை நான்தான் சிரிக்கவைக்க வேண்டும் என்று எழுந்து நடுவில் நின்றேன். கைவசம் புதிதாக ஒரு குரல் இருந்தது. செருப்பைக் கழற்றுவதுபோல் காலை உதறினேன். முதுகை வளைத்தேன். கையைக் கட்டினேன்.

"தெரியாமப் பண்ணிடுச்சுங்க சார். சின்னப்புள்ளைங்க. நான்தாங்க புத்தி கெட்டவன். வூட்டுல ரெண்டு ஜீவன் இருக்குங்க சார், பார்த்துச் செய்யுங்க."

அம்மா தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்பா மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சிரித்தார். கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்தார்.

"அப்படியே இருக்கு பாப்பா" என்றார்.

அதுவரை நான் செய்துகாட்டிய எதற்கும் அப்பா அவ்வளவு சிரித்ததில்லை. சந்தோஷத்தில் இன்னொரு தடவை செய்து காட்டினேன்.