பத்தரை மணிக்கு மேல் வந்த தவறுகள்

1. சிவப்பு விளக்கு

அன்று காலை பத்து ஐம்பதுக்கு என் மகள் ஜாஸ்மின், ஆயிரத்தைந்நூறு வோல்ட் ஓடிக்கொண்டிருந்த க்ளிப்பை நோக்கிக் கையை நீட்டினாள்.

நாங்கள் இருவரும் வேலை செய்வது கோவையில் போர்வெல் மோட்டார் தயாரிக்கும் ஒரு சிறிய கம்பெனியில். நான் வைண்டிங் பிரிவு சூப்பர்வைசர். அவள் டெஸ்டிங் பேனலில் ஆபரேட்டர். வீட்டில் அம்மா, கம்பெனியில் மேடம் என்பது எங்களுக்குள் ஏற்பாடு.

காயில் சுற்றி முடித்த ஸ்டேட்டர் என்ற இரும்பு உருளையை மோட்டாரில் போடுவதற்கு முன் ஹெச்.வி. டெஸ்ட் செய்வோம். காப்பர் வயருக்கும் இரும்பு பாடிக்கும் இடையில் அதிக வோல்டேஜ் கொடுத்து, எங்காவது கசிகிறதா என்று பார்ப்பதுதான் அது. முடிந்ததும் வோல்டேஜ் நாபைப் பூஜ்யத்துக்குத் திருப்ப வேண்டும். சிவப்பு விளக்கு அணைய வேண்டும். அதன் பிறகுதான் க்ளிப்பைத் தொட வேண்டும். ஜாஸ்மின் இதை இரண்டு வருடமாகத் தினமும் செய்கிறவள். அன்று விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் கை போனது.

பக்கத்து மேசையில் லீட் வயர் கட்டிக்கொண்டிருந்த ருக்மணி அக்கா அவள் கோட்டைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார். ஸ்டூலோடு சாய்ந்து ஜாஸ்மின் தரையில் விழுந்தாள். ஒரு சாண் இடைவெளிதான் இருந்தது என்று ருக்மணி அக்கா பிறகு சொன்னார். அந்தச் சாண் இன்றைக்கும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

நான் ஓடிப்போய் முதலில் செய்தது, அவளைத் தூக்கியது இல்லை. இருபது பேர் முன்னால் கத்தினேன்.

“புத்தி எங்கடி போச்சு?”

“தெரியலம்மா. லைட்டு அணைஞ்சிருச்சுன்னுதான் நெனச்சேன்.”

மேடம் என்று அவள் சொல்லவில்லை. அதன் பிறகுதான் குனிந்து அவளைத் தூக்கினேன்.

ஒர்க்ஸ் மேனேஜர் சுந்தரம் சார் வந்தார். “ஃபோன் பாத்துட்டு இருந்தியாம்மா?” என்றார். ஃபோன் லாக்கரில் இருந்தது. அவர் என் பக்கம் திரும்பினார்.

“ஒரு மாசம் பேக்கிங்ல இருக்கட்டுங்க. அதுக்கப்புறம் நானே நின்னு டெஸ்ட் வெக்கறேன். சரியா வந்தா பேனல். இல்லீன்னா ஆபரேட்டர் லெட்டரை கேன்சல் பண்ணிப்போடுவேன். உங்க பொண்ணுங்கறதுனால சொல்லலீங்க. யாரா இருந்தாலும் இதேதான்.”

“சரிங்க சார்” என்றேன். அவர் சொன்னதில் தப்பில்லை. என் அப்பாவும் அம்மாவும் அன்னூர்ப் பக்கம் தோட்டங்களில் கூலிக்குப் போனவர்கள். எங்கள் குடும்பத்தில் டிப்ளமா படித்து, இந்த மெஷினுக்கு நான் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்ட முதல் ஆள் ஜாஸ்மின். அந்த லெட்டரை லேமினேட் செய்து வீட்டில் வைத்திருக்கிறோம். அது போய்விடுமோ என்று பயந்தேன். அது திரும்பக் கிடைத்து அவள் மறுபடியும் அந்த ஸ்டூலில் உட்கார்வாளே என்று அதைவிடப் பயந்தேன்.

2. டாக்டர் கேட்ட கேள்வி

மறுநாள் லீவு போட்டு அவளை ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். கண்ணில் கோளாறோ, மனசில் ஏதாவது கவலையோ என்று எனக்குச் சந்தேகம். டாக்டரம்மா கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார்.

“காலைல சாப்ட்டியாம்மா?”

“ஆச்சுங்க டாக்டர்.”

“என்ன சாப்ட்டே?”

ஜாஸ்மின் என்னைப் பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்தாள்.

“டீங்க.”

“அது குடிக்கறது. சாப்ட்டது என்ன?”

“ரெண்டு வர்க்கி பிஸ்கட்டுங்க.”

“நேத்து?”

“அதேதானுங்க.”

நான் காலை ஆறரைக்கே பிரிவைத் திறக்கக் கிளம்பிவிடுவேன். ஹாட்பாக்ஸில் இட்லி வைத்துவிட்டுப் போவேன். சாயங்காலம் அது காலியாக இருக்கும். “இட்லி எங்கடி போச்சு?” என்று அங்கேயே கேட்டேன்.

“டப்பால போட்டு மத்தியானத்துக்கு எடுத்துட்டுப் போயிருவேன்மா. காலைல எறங்க மாட்டேங்குது.”

தினமும் கம்பெனி வேனிலிருந்து அவள் இறங்கும்போது “சாப்ட்டாச்சா?” என்று நான் கேட்பேன். “ஆச்சுங்க மேடம்” என்பாள். எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு வேறு பதில் கிடையாது. யார் கேட்டாலும், சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆச்சுங்க என்பதுதான் மரியாதை. இல்லை என்று சொன்னால் கேட்டவர் சோறு போட வேண்டியதாகிவிடும், அவரைச் சங்கடப்படுத்துவதாகிவிடும். என் மகள் பொய் சொல்லவில்லை, வணக்கம் சொன்னாள். நான் அதைக் கேட்டுவிட்டு, பிள்ளை வயிறு நிறைந்திருக்கிறது என்று நம்பினேன்.

ரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்து நன்றாகவே குறைந்திருந்தது. டாக்டரம்மா மாத்திரை எழுதினார். மாத்திரையோடும் சாப்பாட்டோடும் டீ குடிக்கக் கூடாது, இரும்புச்சத்து உடம்பில் சேராது என்றார். “இது ஒண்ணுதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேங்க. ஆனா ரத்தம் கம்மியா இருந்து, வயிறும் காலியா இருந்தா கவனம் நிக்காது. கோவம் வரும், கண்ணு பாக்கறத மூளை வாங்காது. கொஞ்ச நாளா இவ எரிஞ்சு விழறாளா?”

விழுந்தாள். வயசுக் கோளாறு என்று நினைத்துப் பதிலுக்கு நானும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

3. ரீவொர்க் புத்தகம்

வேலைக்குத் திரும்பியதும் ரீவொர்க் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தவறாகச் சுற்றிய காயில், மாற்றிக் கொடுத்த கனெக்‌ஷன், விட்டுப்போன இன்சுலேஷன் பேப்பர் எல்லாம் நேரத்தோடு அதில் இருக்கும். எழுதுவதே நான்தான். ஆனால் நேரத்தை மட்டும் வரிசையாக ஒருநாளும் படித்ததில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கக் கலக்கத்தில்தான் தவறு அதிகம் என்று இத்தனை வருடமாக எல்லோரிடமும் சொல்லிவந்தேன். புத்தகம் வேறு சொன்னது. பெரும்பாலான தவறுகள் காலை பத்தரைக்கு மேல், சாப்பாட்டு மணிக்கு முன்னால். யோசித்துப் பார்த்தால் கத்தரிக்கோலுக்காகவும் ஃபேன் காற்றுக்காகவும் ஆட்களுக்குள் சண்டை வருவதும் அந்த நேரத்தில்தான்.

மறுநாள் காலை கேள்வியை மாற்றினேன். “என்ன சாப்ட்டீங்க?” என்று ஒவ்வொரு மேசையாகக் கேட்டேன்.

“ஏனுங்க, எங்க ஊட்டு மெனு உங்களுக்கெதுக்குங்க? பொண்ணு பாக்க வாரீங்களா?” என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

ருக்மணி அக்கா சிரிக்கவில்லை. “ஒண்ணுமே திங்காம வந்தேன்னு இத்தன பேரு முன்னால சொல்லோணுமாக்கும்? நீங்க மொதல்ல சொல்லுங்க பாக்கலாம்” என்றார்.

சொல்ல வாயைத் திறந்தேன். அன்று காலை நான் குடித்தது ஒரு டீ. அதற்கு முந்தின நாளும் அதுதான். விபத்து நடந்த அன்று, விழுந்து கிடந்த பிள்ளையைத் தூக்காமல் கத்தினேனே, அன்றும் என் வயிற்றில் இருந்தது ஒரு டீதான். இட்லி ஊற்றி வைத்தவள் ஒன்றைக்கூட வாயில் போடாமல் பஸ் ஏறியிருக்கிறேன்.

“ஒரு டீங்கக்கா” என்றேன்.

அதன் பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். டீ, வர்க்கி. டீ, பன். வெறும் டீ. ஒன்றுமே இல்லை. பிள்ளைக்கு ஊட்டிவிட்டு, வீட்டுக்காரருக்கு டப்பா கட்டிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடிவருகிறவர்கள் எல்லோரும். ஆறு மணிக்கே சமைத்துவிட்டு எட்டு மணிக்குப் பட்டினியாக வேலைக்கு உட்காருகிறார்கள்.

4. கம்பெனியா, சத்துணவுக் கூடமா

சுந்தரம் சாரிடம் இரண்டு விஷயம் கேட்டேன். முதலாவது, பேனலுக்கு இன்டர்லாக் மூடி. மூடியைத் திறந்தால் கரண்ட் தானாக நிற்க வேண்டும். அதை அவர் உடனே ஒப்புக்கொண்டார். “வயிறு நெறஞ்சவனுக்கும் கை தவறும், அது வந்தே ஆகோணும்” என்றார். இரண்டாவது, பத்து மணி டீ இடைவேளையை ஒன்பதே காலுக்கு மாற்றி, டீக்குப் பதிலாகச் சாப்பிட ஏதாவது கொடுப்பது. டீ வேண்டுமென்றால் ஒரு மணி நேரம் கழித்து மேசைக்கே வரட்டும்.

“ஏனுங்க, இது கம்பெனியா, சத்துணவுக் கூடமா?”

“இந்தப் புத்தகத்துல நேரத்த மட்டும் படிங்க சார். ஒரு மாசம் பாருங்க. மாறலீன்னா பழையபடியே வெச்சுக்கலாம்.”

அவர் பக்கம் பக்கமாகப் படித்தார். பத்தாவது பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றினார். “நானும் காலைல சாப்பிடறதில்லீங்க” என்றார். “பதினோரு மணிக்கு மேல எங்கிட்ட லீவு கேக்க யாரும் வரமாட்டாங்க. இப்பத்தான் ஏன்னு தெரியுது.”

வேகவைத்த கடலைக்காய் ஒருநாள், கொள்ளுச் சுண்டல் ஒருநாள், முட்டை ஒருநாள், மோர் விட்ட ராகிக் கூழ் ஒருநாள் என்று கேன்டீனில் தொடங்கினோம். முதல் வாரம் டீக்காக ஒரு போராட்டமே நடந்தது. இரண்டாவது வாரம் கூழ் பத்தவில்லை என்று போராட்டம். மூன்றாவது வாரத்துக்குள் ரீவொர்க் புத்தகத்தில் காலை நேரத்து வரிகள் குறையத் தொடங்கின. முழுசாக நின்றுவிடவில்லை. வீட்டுக் கவலையோடு வருகிறவள் வயிறு நிறைந்திருந்தாலும் தவறு செய்வாள். ஆனால் ஃபேனுக்காக நடந்த சண்டையை நான் பிறகு பார்க்கவில்லை. வைண்டிங் பிரிவில் இருபத்தைந்து வருடமாக எத்தனையோ செய்திருக்கிறேன். நான் செய்ததிலேயே நல்ல வேலை இதுதான் என்று தயங்காமல் சொல்வேன்.

5. மறு டெஸ்ட்

ஒரு மாதம் முடிந்தது. புது மூடி போட்ட பேனல் முன்னால் காலை எட்டரைக்கு ஜாஸ்மின் நின்றாள். பிரிவே வேலை செய்வதுபோல் பாவனை செய்துகொண்டு அவளைப் பார்த்தது. சுந்தரம் சார் வந்து, எல்லோரிடமும் கேட்பதுபோல அவளிடமும் கேட்டார்.

“என்னம்மா, சாப்ட்டாச்சா?”

ஆச்சுங்க என்று சொல்லிவிடு கண்ணு என்று என் மனசு அடித்துக்கொண்டது. வேறு எதைச் சொன்னாலும் இன்றைக்கு உனக்கு எதிராகப் போகும்.

“இல்லீங்க சார்” என்றாள் ஜாஸ்மின். “பயத்துல எறங்கலீங்க. இப்ப நான் பேனல்ல உக்காரக் கூடாதுங்க. பத்து நிமிஷம் குடுத்தீங்கன்னா சாப்ட்டுட்டு வந்து பண்றேன்.”

சுந்தரம் சார் பதில் சொல்வதற்குள் ருக்மணி அக்கா, “போ கண்ணு, ஸ்டேட்டரு எங்கயும் ஓடிப்போயிராது” என்றார்.

சுந்தரம் சார் ஒரு சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “இருவது நிமிஷம் எடுத்துக்கோ” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். “நீங்க?”

“இல்லீங்க சார்.”

“நல்ல குடும்பமுங்க. ரெண்டு பேரும் போங்க.”

கேன்டீனில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் தட்டு காலியாகிறதா என்று நான் பார்த்தேன். என் தட்டை அவள் பார்த்தாள்.

திரும்பி வந்து ஆறு ஸ்டேட்டரை டெஸ்ட் செய்தாள். ஒவ்வொன்றுக்கும் நாப், விளக்கு, க்ளிப் என்று உதடு அசைய வரிசை சொன்னாள். சுந்தரம் சார் புது ஆபரேட்டர் லெட்டரில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, “மோட்டாரை டெஸ்ட் பண்ண யாருக்கு வேணா சொல்லிக்குடுத்துரலாம். இன்னிக்கு நான் ரெடியில்லீன்னு சொல்றதுக்குத்தான் ஆள் கெடைக்கறதில்லீங்க” என்றார்.

புதிதாக சூப்பர்வைசர் ஆகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. உங்கள் ஆள் தவறு செய்தால், புத்தி எங்கே போனது என்று கேட்பதற்கு முன்னால், அந்தப் புத்திக்கு இன்று காலை என்ன கிடைத்தது என்று கேளுங்கள். ஆச்சா என்று கேட்காதீர்கள், என்ன என்று கேளுங்கள். இல்லை என்று ஒருவர் சொன்னால் அவர் தலைகுனியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். கொஞ்ச காலத்தில் நீங்கள் கேட்காமலே சொல்வார்கள். எங்கள் பிரிவில், இப்போது நான் பேனலில் உட்காரக் கூடாது என்று யாரும் கேட்காமலே சொன்ன முதல் ஆள் என் மகள்.