அவன் கால் நகர்ந்ததா?

செம்மண் மைதானத்தில் இரண்டு உடம்புகள் மோதிய சத்தமும் என் விசிலும் ஒரே நேரத்தில் கேட்டன. இத்தனை வருஷம் கழித்தும் அந்த மாலையை நினைத்தால் அலுப்புத்தான் வருகிறது.

நாடு சுதந்திரமடைந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பகலில் திருவனந்தபுரத்தில் குமாஸ்தா வேலை, மாலையில் கூடைப்பந்து நடுவர். ஓட்டத்தைவிட, யார் யாரை இடித்தார்கள் என்று தீர்மானிப்பதுதான் என்னைக் களைப்பாக்கியது. தடுப்பவன் முன்னதாகவே வந்து நின்றுவிட்டால், இடித்த குற்றம் பந்தோடு வருகிறவனுடையது. கடைசி நொடியில் குறுக்கே நகர்ந்திருந்தால் குற்றம் தடுப்பவனுடையது. பார்க்க வேண்டியது அவன் காலை. பாழாய்ப்போன கண் பந்தின் பின்னால்தான் போகும்.

அன்று தடுத்து நின்றவன் என் மனைவியின் தம்பி. சாலைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடையொன்றில் மூட்டை பிரித்துக்கொண்டிருந்தான். ஓர் அரசு அலுவலகம் தன் அணிக்கு ஆள் தேடி அதிகாரிகளை அனுப்பியிருந்தது. தேறினால் உத்தியோகம். வரவேண்டிய நடுவர் வராததால் நான் இறங்கினேன்; இறங்கியிருக்கக் கூடாது. சொந்தக்காரனுக்குச் சாதகம் என்று யாரும் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் சின்ன உரசலுக்கெல்லாம் அவன் பேரில் ஃபவுல் ஊதியிருந்தேன். இன்னொன்று ஆனால் அவன் வெளியே. மோதலின்போது நான் பார்த்தது பந்தை. ஆனாலும் அவனைத்தான் கை காட்டினேன்.

உடன் நின்ற நடுவர், மலையாளி டிரில் மாஸ்டர், அருகில் வந்து தரையைக் காட்டினார். செம்மண்ணில் அழுத்தமாக இரண்டு குதிகால் பள்ளங்கள். இழுபட்ட கோடு இல்லை. "அவன் அனங்கியிட்டில்ல சாரே," என்றார் மெதுவாக. அசையவே இல்லை என்கிறார். மாற்றிச் சொல்ல அப்போதும் நேரமிருந்தது. நான் தலையை மட்டும் ஆட்டி மறுத்தேன். மச்சினன் வெளியே போனான். சற்று நேரத்தில் அதிகாரிகளும் எழுந்து போனார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டான். "அத்தான், நான் அனங்கினேனா?"

"ஆமாடே. கொஞ்சம் அனங்கிட்டே."

"சரி. பின்னே நீங்க என்ன செய்ய முடியும்?"

அந்த உத்தியோகம் வேறு யாருக்கோ போனது. இவன் கடையிலேயே கிழவனானான். கல்யாண வீடுகளில் யாராவது அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், "தப்பு என் மேலதான். அத்தான் பொய்யா ஊத மாட்டாவ," என்பான். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். வெட்கமாக இருக்கும்.

போன மாதம் அவன் இறந்துபோனான். சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது, அப்பா கால் நகர்ந்து ஃபவுலான கதையை அவன் மகன் உறவினர்களிடம் சொல்லிக்கொண்டு வந்தான். அப்போதும் நான் திருத்தவில்லை.